கோப்பைக்காக மாற்றிய தாம்பூலம்

"நிபந்தனை 5: ஓர் அணியில் ஆடும் ஐவரும் அந்த அணியின் ஊரில் பிறந்தவர்களாகவோ, அந்த ஊரில் பெண் எடுத்தவர்களாகவோ இருத்தல் வேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்த மாப்பிள்ளைகளும் ஆடலாம்."

1973 ஏப்ரலில் கம்பத்தில் அச்சான ஒரு பூப்பந்தாட்டப் போட்டியின் நோட்டீசில் இப்படி இருக்கிறது. இளஞ்சிவப்புத் தாள். அச்சகத்தின் பெயர் இருந்த கீழ் ஓரம் கிழிந்துவிட்டது. மற்ற நிபந்தனைகள் எல்லா ஊர் நோட்டீசுகளிலும் வருபவைதாம்: பந்தைக் கமிட்டி கொடுக்கும், மட்டையை அவரவர் கொண்டுவர வேண்டும், நடுவர் தீர்ப்பே இறுதியானது. ஐந்தாவதை மட்டும் வேறெந்தப் பக்கத்து நோட்டீசிலும் நான் பார்த்ததில்லை. திண்டுக்கல், சிவகாசி நண்பர்களிடம் விசாரித்தேன். சிரித்தார்களே தவிர, தங்கள் ஊரில் உண்டு என்று ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது, 1988-ல், விளையாட்டு வீரர்களைப் பற்றிப் பத்திரிகையில் ஏதாவது அசிங்கமான செய்தி வந்துவிட்டால், தெரிந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். "உங்க காலத்துல இப்படியெல்லாம் உண்டா?" என்று கேட்கிறார்கள். 'கிடையாது' என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கப்படும் கேள்வி அது. நான் அந்தப் பதிலைச் சொல்வதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நூலகத்தில் ஒரு பழைய ஆங்கில இதழில், பேஸ்பால் என்னும் அமெரிக்க ஆட்டத்தில் ஓர் அணியினர் பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்ற கதையைப் படித்தேன். அந்த ஆட்டத்தின் விதிகள் எனக்கு இன்றுவரை முழுதாகப் புரியவில்லை. அந்தத் தோல்வி மட்டும் நன்றாகப் புரிந்தது. ஆட்டம் என்று ஒன்று இருந்து, அதில் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தால், எந்த நாட்டிலும் யாராவது ஒருவர் குறுக்கு வழி பார்ப்பார். அவர்களிடம் பணம் இருந்தது, பணத்தை வைத்துச் செய்தார்கள். எங்களிடம் அத்தனை பணம் இல்லை. எங்களிடம் மாப்பிள்ளைகள் இருந்தார்கள்.

எங்கள் ஊர் கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்களின் வீடுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, நானும் அங்கேதான் இருக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரின் பெயரையும் அதே காரணத்துக்காக விட்டுவிடுகிறேன்.

பூப்பந்தைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. பந்து மஞ்சள் கம்பளி நூலால் ஆனது, உள்ளங்கைக்குள் அடங்கும். பக்கத்துக்கு ஐந்து பேர்: வலைக்கு அருகில் இருவர், நடுவில் ஒருவர், பின்னால் இருவர். நடுவில் நிற்பவர்தான் ஆட்டத்தின் உயிர். முன்னால் உள்ளவர்கள் விட்டதையும் பின்னால் உள்ளவர்களுக்கு எட்டாததையும் அவர்தான் எடுக்க வேண்டும். பந்து எடை குறைந்தது என்பதால் காற்று அதைத் தன் இஷ்டத்துக்குத் தள்ளும். எங்கள் பள்ளத்தாக்கில் மே கடைசியில் மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கத் தொடங்கிவிடும். போட்டிகளை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று வருடா வருடம் பேசுவார்கள். வருடா வருடம் காற்றில்தான் இறுதி ஆட்டம் நடக்கும். அதற்கு மேல் தள்ளிப்போடவும் முடியாது. ஜூனில் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் எல்லோரும் நாற்றங்காலுக்குப் போய்விடுவார்கள்.

நான் ஆட்டக்காரன் இல்லை. எங்கள் ஊரில் இரண்டாவது அணிக்கு ஆள் குறைந்த நாட்களில் பின்னால் நின்றிருக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் என்பதால் புள்ளி எழுதும் மேஜையில் உட்கார வைத்தார்கள். 1962 முதல் அந்த மேஜையில் இருந்தேன். ஆட்டத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் மைதானத்தில் கிடையாது. நிழல் உண்டு, நாற்காலி உண்டு, கமிட்டி செலவில் டீயும் உண்டு.

ஐந்தாம் நிபந்தனை வந்த விதம் இது. சித்திரை வைகாசியில் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வரும் புது மாப்பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துப்போய் ஒரு மட்டையைக் கையில் கொடுப்பது எங்கள் பக்கத்து மரியாதை. அவருக்கு ஆடத் தெரியாவிட்டாலும் ஓர் ஓரமாக நிறுத்துவார்கள். சிலருக்கு உண்மையிலேயே ஆடத் தெரிந்திருந்தது. அதில்தான் சண்டை தொடங்கியது. ஊர்க்காரன் மட்டும்தான் ஆடலாம் என்று போட்டால் மாப்பிள்ளைக்கு அவமரியாதை, யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று போட்டால் கூலிக்கு ஆள் பிடித்து வருவார்கள். எனவே 'பெண் எடுத்தவர்கள்' என்று சேர்த்தார்கள். பிறகு ஒரு வருடம், நிச்சயமாகியிருந்த ஒரு கல்யாணம் வீட்டில் சாவு விழுந்ததால் தள்ளிப்போக, அந்த மாப்பிள்ளை ஆடலாமா என்று கேள்வி வந்தது. ஆடலாம் என்று இரண்டாவது வாக்கியத்தைச் சேர்த்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சேர்க்கவில்லை.

1970, 71, 72 மூன்று வருடமும் இறுதி ஆட்டத்தில் அக்கரை ஊரிடம் தோற்றோம். அவர்கள் ஊரில் பெண் எடுத்திருந்த டிரில் மாஸ்டர் ஒருவர் அவர்களுக்கு நடுவில் ஆடினார். 72-ல் கோப்பையை வாங்கிக்கொண்டு போகும்போது அவர்களுடைய கேப்டன், வாழைத்தார் வியாபாரி, நல்ல தமாஷ்காரர், எங்கள் பக்கம் திரும்பி, "ஏப்பா, உங்க ஊர்ல பொண்ணுகளே கெடையாதா? ஒரு ஆடத் தெரிஞ்ச மாப்பிள்ளையைப் பிடிக்க முடியலையேப்பா ஒங்களால!" என்றார். எங்கள் ஆட்களே சிரித்துவிட்டார்கள். சிரிக்காதவர் எங்கள் குழுவின் செயலர் ஒருவர்தான்.

செயலருக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. பன்னீர்த் திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்க வேண்டிய நாளை மறந்தாலும் மறப்பார், மட்டைக்கு நரம்பு கட்ட வேண்டிய நாளை மறக்க மாட்டார். நல்ல மனிதர். அவருடைய அக்கா கணவரை இழந்து, ஒரே மகளோடு எங்கள் ஊரிலேயே இருந்தார். மகள் ஆசிரியைப் பயிற்சியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டு வெளியூர் விடுதியில் இருந்தாள். பெரிய காரியம் எதுவும் தாய்மாமனைக் கேட்காமல் அந்த வீட்டில் நடக்காது.

நோட்டீஸ் வந்த சில வாரங்களில் செயலர் தெற்கே ஒரு மில் ஊருக்குப் போய்வந்தார். அந்த மில்லின் அணியில் நடுவில் ஆடும் ஓர் இளைஞரை முன்பே பார்த்து வைத்திருந்தார். இடதுகைக்காரர், கல்யாணமாகாதவர். சாதி ஒன்று, விசாரித்ததில் முறையும் பொருந்தியது. அந்த இளைஞரிடம் செயலர் சொன்னது: பெண் சம்மதித்துவிட்டாள், பரீட்சை முடிந்ததும் பெரியவர்கள் வந்து கல்யாணத் தேதி பேசலாம், இப்போதைக்குத் தாம்பூலம் மட்டும் மாற்றிக்கொள்வோம். பெண்ணை நேரில் காட்டுவதற்குப் பதிலாகப் பயிற்சிப் பள்ளியில் எடுத்த ஒரு குரூப் போட்டோவைக் காட்டினார். மூன்றாவது வரிசையில் நிற்கிற பெண் என்று விரலால் காட்டியிருக்கிறார். அதே வரிசையில் பக்கத்தில் நின்ற பெண்ணையே தான் ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்ததாக அந்த இளைஞர் பின்னால் என்னிடம் சொன்னார்.

மே மாதத்தில் ஒரு காலை, கோயில் மண்டபத்தில் தட்டு மாறியது. வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், ஒரு புடவை. மாப்பிள்ளை பக்கத்துக்கு மில்லில் அவரோடு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் தட்டை வாங்கினார். பெண்ணின் அம்மா பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சர்க்கரை கொடுத்தார்கள், நானும் வாங்கினேன். எனக்கும் அது உண்மையான நிச்சயம்தான், செயலர் என்னை மண்டபத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு வரும் வரை.

"எப்படிண்ணே?" என்றார். "நிபந்தனை அஞ்சு. ஒரு பய வாயைத் தொறக்க முடியாது."

"மாப்பிள்ளை நல்லாத்தேன் இருக்காப்ல."

"மாப்பிள்ளையாவது! கப்பு வரட்டும். பெறகு ஜாதகம் சரியில்லண்டு சொல்லிக்கிருவோம்."

"அக்கா மககிட்டக் கேட்டீகளா?"

"ஆட்டத்துக்கு எதுக்குண்ணே பொம்பளப்பிள்ளைகிட்டக் கேக்கணும்?"

அவர் செய்த பிசகு அங்கேதான். தட்டை ஆட்டத்துக்காக மாற்றியதாக அவர் நினைத்தார். ஊருக்கு அப்படி ஒரு வகைத் தட்டு தெரியாது. மதியத்துக்குள் அவளுடைய அம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்து முடித்துவிட்டார். இரண்டு நாளில் உறவுக்காரர்கள் மாப்பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவளைக் கேட்டு வருவதாக இருந்த ஒரு குடும்பம் சின்னமனூரில் வேறு இடம் பேசிவிட்டது. கோப்பை வந்தபின் ஜாதகம் சரியில்லை என்று சொன்னால் பழி யார்மேல் விழும் என்று செயலர் யோசித்ததாகத் தெரியவில்லை. நிச்சயம் முறிந்த பெண் என்ற பெயர் அந்தக் காலத்தில் லேசில் போகாது.

போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் எங்கள் மாப்பிள்ளை மோசமாக ஆடினார். மில்லில் அவர்களுடைய ஆடுகளம் கிடங்குச் சுவர்களுக்கு நடுவில் இருந்ததாம், காற்று என்பதே கிடையாது. எங்கள் மைதானம் தெற்கு வடக்காக அமைந்தது. மேற்குக் காற்று குறுக்கே வரும். அவர் ஓங்கி அடித்த பந்தெல்லாம் கிழக்குக் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. "மாப்பிள்ளைக்கு இந்த ஊருக் காத்து ஒத்துக்கிறல! வெந்நி வச்சுக் கொடுங்கப்பா!" என்று அக்கரை ஊர்க்காரர்கள் கத்தினார்கள். மற்ற நால்வரின் புண்ணியத்தில் தப்பித்தோம். அன்று மாலை ஆட்டம் முடிந்து எல்லோரும் போனபிறகும் அவர் மட்டும் ஒரு பந்தை மேலே போட்டுப் போட்டு அது எங்கே போய் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆட்டங்களில் தேறிவிட்டார்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் நான் சங்க வேலையாக உத்தமபாளையம் போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்பினேன். அதே பஸ்ஸில் பெட்டியோடு அவள் ஏறினாள். பரீட்சை முடிந்துவிட்டது. டிக்கெட் கிழித்துக்கொண்டே கண்டக்டர், "டீச்சரம்மா, கல்யாணச் சாப்பாட்டுக்கு எங்களையும் கூப்புடுங்க. வண்டிய ஒங்க வீட்டு வாசல்லயே நிப்பாட்டுறோம்" என்றார்.

"யாருக்குக் கல்யாணம்?"

"ஒங்களுக்குத்தேன்."

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சொசைட்டி மாமா, இவுக என்னா சொல்றாக?"

நான் எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். நிபந்தனையை வார்த்தை மாறாமல் சொன்னேன். தட்டு மாறியதை, செயலர் சொன்னதை, அவளுடைய அம்மா உண்மை என்று நம்பியிருப்பதைச் சொன்னேன். அவள் கோபத்தில் பெட்டியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஆளுக்குத் தெரியுமா, இது பொய்யிண்டு?"

"தெரியாதுண்டுதேன் நெனைக்கிறேன்."

"ஃபைனல் என்னைக்கு?"

"நாளைக்குச் சாயங்காலம்."

வீட்டில் நடந்ததை அவளுடைய அம்மா எனக்குப் பின்னால் சொன்னார். செயலர் அப்போது அங்கே மட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்த பெண், பெட்டியைக்கூட வைக்காமல், "மாமா, கப்பு வந்த மறுநா நான் யாரு?" என்று கேட்டிருக்கிறாள்.

"என்னா ஆத்தா கேக்குற?"

"இன்னைக்கு நான் நிச்சயமான பொண்ணு. நாளைக்குக் கப்பு வந்துரும். நாளான்னைக்கு நான் யாரு? ஜாதகம் சரியில்லாதவளா?"

அப்போதுதான் அம்மாவுக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. தம்பியைப் பார்த்து, "அடப்பாவி, நான் தெருவுக்கே சீனி குடுத்தேனடா" என்றாராம். செயலர், ஆட்டம் முடியட்டும், எல்லாவற்றையும் தான் சரிசெய்கிறேன், இப்போது நிறுத்தினால் ஊர் மானம் போய்விடும் என்று கெஞ்சியிருக்கிறார். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. "ஆடுங்க. நானும் வந்து பாக்குறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அது செயலருக்கு நிம்மதியாக இருந்தது என்பதுதான் வேடிக்கை.

இறுதி ஆட்டத்தைப் பற்றி நான் பத்துப் பக்கம் எழுதுவேன், படிக்கிறவர்கள்தான் பாவம். சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் ஆட்டம் அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் காற்று எழுந்தது. டிரில் மாஸ்டர் அந்தக் காற்றில் பதினைந்து வருடம் ஆடியவர், பந்தைத் தாழ்வாகவே வைத்திருந்தார். எங்கள் மாப்பிள்ளை அதற்கு நேர்மாறாகச் செய்தார். மேற்குக் கோட்டுக்கு வெளியே போகிற மாதிரி உயர்த்தி அடித்தார். வெளியே போகிறது என்று எதிரணி விட்டுவிடும். காற்று பந்தை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் வைக்கும். முதல் தடவை அது தற்செயல் என்று நினைத்தோம். மூன்றாவது தடவை அக்கரை ஊர்க் கேப்டனே மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். எங்கள் மாப்பிள்ளை அன்று ஆடியதை நான் அதற்கு முன்னும் பின்னும் ஒருவரிடமும் பார்த்ததில்லை. ஒரு புள்ளியை விட்டபோது சிரித்தார். அவ்வளவு நெருக்கடியில் எப்படிச் சிரிக்க முடிந்தது என்று மேஜையிலிருந்து யோசித்தேன். இரண்டே புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

கோப்பையை வாங்கிய கையோடு எங்கள் ஆட்கள் அதை டிராக்டரில் ஏற்றிவிட்டார்கள். அப்போது அக்கரை ஊர்க் கேப்டன் போட்டித் தலைவரிடம் போனார். தலைவர் கம்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர். எந்த ஊரையும் சேராதவர், எல்லா ஊரிலும் அவரிடம் துணி எடுத்தவர்கள் இருந்தார்கள். வேட்டியில் ஒரு தூசி இருக்காது.

"மொதலாளி, ஆட்டத்துல கொற சொல்லல. ஆனா மாப்பிள்ளை மாப்பிள்ளையே இல்லைங்கறாக. பொண்ணக் கேக்காமயே தட்டு மாத்திட்டாகளாம். எங்க ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

"பொய்யி!" என்றார் செயலர். "தட்டு மாத்துனது நானு. கோயில்ல வச்சு மாத்துனேன். எத்தன சாட்சி வேணும்?"

ராவுத்தர் நோட்டீசை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் படித்தார். "நிச்சயதார்த்தம் முடிந்த மாப்பிள்ளைண்டு போட்டிருக்கு. முடிஞ்சதா இல்லையாண்டு தட்டு மாத்துனவுக எப்படிச் சொல்றது? பொண்ணு இங்கனதான் இருக்காமில்ல?"

பெண்கள் மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ அவளைக் கூப்பிடக் கிளம்பினார்கள். ராவுத்தர் கையைக் காட்டி நிறுத்திவிட்டுத் தாமே எழுந்து நடந்தார். கூட்டமும் பின்னால் போனது. நானும் மேஜையை விட்டுவிட்டுப் போனேன். அவள் எழுந்து நின்றாள்.

"ஆத்தா, ஒன்ன இப்படி நாலு பேரு முன்னாடி நிப்பாட்டுறதுக்கு மனசுல வச்சுக்கிறாத. நீ சொல்றதுதேன் தீர்ப்பு. ஒனக்கு நிச்சயம் முடிஞ்சிருச்சா?"

ஆமாம் என்றால் கோப்பை எங்களுக்கு, அவள் கழுத்தில் முகம் தெரியாத ஒருவரின் தாலி. இல்லை என்றால் கோப்பை போகும், தாய்மாமன் ஊர் முன்னால் பொய்யராவார், அவள் நிச்சயம் முறிந்தவள் ஆவாள். அங்கே நின்ற எல்லோருக்கும் இது தெரியும். அம்மா அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தட்டு மாத்துனது எங்க மாமா," என்றாள் அவள். "மாமாவுக்கும் அவுகளுக்கும் வேணா நிச்சயம் ஆயிருக்கும். எனக்கு ஆகல."

முதலில் அக்கரை ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். பிறகு எங்கள் ஆட்கள். ராவுத்தர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். டிராக்டரிலிருந்து கோப்பையை இறக்கிக்கொண்டு வர ஓர் ஆள் போனான்.

அப்போது அந்த இளைஞர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மட்டை கையில் இருந்தது, சட்டை நனைந்திருந்தது. ராவுத்தரிடம், "அவங்க சொல்றது சரிதான். பொண்ணு சம்மதம்னு சொன்னதாலதான் நான் வந்தேன்" என்றார். அவளிடம், "மன்னிக்கணும்" என்றார்.

அவள் அவரைப் பார்த்து, "நீங்க நல்லாத்தேன் ஆடுனீக" என்றாள்.

அவர் அன்று கடைசிப் பஸ்ஸில் போய்விட்டார். செயலர் அக்கா வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினார். ஊரில் இரண்டு பேச்சு இருந்தது. ஒரு கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொடுத்துவிட்டாளே என்றவர்கள் உண்டு. அவளைவிட யாரும் நன்றாக ஆடவில்லை என்றவர்களும் உண்டு. இரண்டாவது வகையில் நான். ஆனால் அந்தப் பேச்சால் அவளுக்கு ஒரு வரன்கூட வரவில்லை. தட்டு மாறின வீடு என்று ஒதுங்கினார்கள். அவளுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. காலை பஸ்ஸில் போவாள், மாலை பஸ்ஸில் வருவாள். அம்மாதான் அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த வருடம் மே மாதத்தில், போட்டியின் முதல் ஆட்டத்தின்போது யாரோ என் மேஜைக்குப் பக்கத்தில் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். பார்த்தால் அந்த மில் இளைஞர். கையில் மட்டை இல்லை.

"ஆட வரலண்ணே. பாக்கத்தான் வந்தேன்." கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர் வந்திருக்காங்களா?"

"வரல. ஆட்டம் பாக்குறதில்ல இப்ப."

"அவங்களுக்கு எடம் ஏதும் வந்துச்சா?"

"தட்டு திரும்புன வீட்டுக்கு யாரு தம்பி வருவா?"

அவர் இரண்டு ஆட்டம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். நடுவில் நிற்பவர் கொஞ்சம் முன்னால் நிற்கலாம் என்று ஒருமுறை சொன்னார், சரியான பேச்சு. ஜூனில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு பெண் கேட்க வந்துவிட்டார். செயலர் வர மறுத்ததால், ஆண் துணைக்கு அவளுடைய அம்மா என்னைக் கூப்பிட்டார். அதனால் இதற்கு நானே சாட்சி.

பெரியவர்கள் பேசி முடித்தபின் அவள் வந்து நின்று, "எனக்குச் சம்மதந்தேன். ஒரே ஒரு விசயம். இவுக எங்க ஊருக்கு ஆடக்கூடாது" என்றாள்.

அவருடைய அப்பா குழம்பிப்போனார். "ஏம்மா, ஆட்டம் பிடிக்காதா?"

"பிடிக்கும். மில்லுக்கு ஆடட்டும், வேற எங்கன வேணும்னாலும் ஆடட்டும். இங்க ஆடுனா, கப்புக்காகத்தேன் கல்யாணம்னு ஆகிப்போகும். அது எனக்கு வேணாம்."

மாப்பிள்ளை உடனே தலையாட்டினார். யோசிக்கக்கூட இல்லை. எங்கள் ஊர் ஆட்ட ரசிகன் என்ற முறையில், அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கல்யாணத்தன்று தாய்மாமன் மாலை போட வேண்டிய நேரத்துக்குச் செயலர் வந்து சேர்ந்தார். கண் கலங்கியிருந்தது. மாலையைக் கையில் எடுத்தவர், குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற எங்களுக்குக் கேட்டுவிட்டது. "ஆத்தா, ஃபைனல் மட்டும். ஒரே ஒரு வருசம். இப்பத்தேன் அஞ்சாம் நிபந்தனைப்படி எல்லாம் சரியா இருக்கில்ல?"

"மாமா, மாலையப் போடுங்க" என்றாள் அவள்.

அதன்பின் ஒவ்வொரு மே மாதமும் மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வருவார், என் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் ஊர் தோற்பதைப் பார்ப்பார். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து புளிய மரத்தடியில் உட்காருவாள். செயலர் கோட்டோரம் நின்று ஆட்டத்தைப் பார்ப்பதைவிட அவரை ஏக்கத்தோடு பார்ப்பதுதான் அதிகம். எங்கள் ஊர் அந்தக் கோப்பையை ஒரு தடவைகூட வாங்கவில்லை. அந்த வருடங்களில் நான் பார்த்த ஆட்டங்கள்தான் என் மனதுக்கு மிகவும் பிடித்தவை. பக்கத்தில் ஒரு நல்ல ஆட்டக்காரர் உட்கார்ந்திருந்தால் சுமாரான ஆட்டத்திலும் பார்க்க எவ்வளவோ இருக்கிறது.

எழுபதுகளின் பிற்பாதியில் ஐந்தாம் நிபந்தனையை எடுத்துவிட்டு, ரேஷன் கார்டைக் காட்ட வேண்டும் என்று போட்டார்கள். ரேஷன் கார்டிலும் அண்ணன் தம்பி மாமன் மச்சான் என்று பெயர்கள் திடீரென்று ஏறின, அது வேறு கதை. இப்போது மைதானத்தில் பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பஞ்சாயத்து டி.வி. முன்னால் இடம் கிடைப்பதில்லை. அதைப் பார்த்து எனக்கு வருத்தமில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில்தான் உட்காருகிறேன், ஸ்கோரைக் குறித்தும் கொள்கிறேன். பூப்பந்தும் போய்விடவில்லை. டீச்சர் தன் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு ஓர் அணி தொடங்கிப் பயிற்சி கொடுக்கிறாள். ஓய்வு நாட்களில் கணவர் போய்க் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகள் ராயப்பன்பட்டி வரை போய் ஆடி ஜெயித்துவிட்டு வருகிறார்கள். 1973-ல் எங்கள் மைதானத்தில் ஒரு பெண் மட்டையைத் தொட்டதாக என் நினைவில் இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். காலம் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், நான் அவர்களை அந்தப் பள்ளி மைதானத்துக்கு அழைத்துப் போகிறேன்.

ஒன்றை மட்டும் என்னால் உறுதி செய்ய முடியவில்லை. போன வருடம் கம்பம் சந்தையில் அக்கரை ஊர்க் கேப்டனைப் பார்த்தேன். வயதாகிவிட்டது, தமாஷ் குறையவில்லை. பேச்சோடு பேச்சாக, இறுதி ஆட்டத்தன்று காலையில் பள்ளிக்கூடத்து அடிபம்பில் தண்ணீர் குடிக்கப் போனபோது அந்த இருவரும் அங்கே நின்று பேசிக்கொண்டிருந்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னார். அவள் பேசினாளாம், அவர் தலையை ஆட்டினாராம். அதைப் பார்த்ததும், கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று தோன்றியதாம்; புகார் கொடுக்கும் தைரியமே அதன்பிறகுதான் தனக்கு வந்தது என்றார்.

அது உண்மையானால், சாயங்காலம் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது அந்த இளைஞருக்குக் காலையிலேயே தெரியும். கோப்பை தங்காது என்று தெரிந்துகொண்டேதான் அவர் அந்த ஆட்டத்தை ஆடியிருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவள், "புள்ளி எழுதுறவுகளுக்கு அதெல்லாம் எதுக்கு, சொசைட்டி மாமா? காப்பியக் குடிங்க" என்றாள். பம்படியில் வேறு யாரும் இருந்ததாகக் கேப்டனுக்கு நினைவில்லை. ராவுத்தர் காலமாகிவிட்டார். செயலருக்குத் தெரியாது என்கிறார். ஆகவே, அந்த இருவரும் ஆட்டத்துக்கு முன் பேசிக்கொண்டார்கள் என்பது ஒரே ஒருவர் சொன்ன செய்தி. இதை எழுதும் இன்றுவரை அது உறுதி செய்யப்படவில்லை.